ஈய அமில பேட்டரி வண்டி: நிற்கும் நேரத்தில் செய்ய வேண்டியவை

விலை குறைந்த மின் வண்டிகள் பலவற்றில் இன்னும் ஈய அமில பேட்டரிதான் ஓடிக்கொண்டிருக்கிறது. வடசென்னையில், தண்டையார்பேட்டையில் தண்ணீர் கேன் போடும் மூன்று சக்கர வண்டியிலும், காசிமேட்டிலிருந்து மீன் பெட்டி ஏற்றிக்கொண்டு விடியுமுன் கிளம்பும் வண்டியிலும், பிள்ளைகளைப் பள்ளியில் கொண்டுபோய் விடும் பழைய ஸ்கூட்டரிலும், 12 வோல்ட் பேட்டரிகள் நான்கோ ஐந்தோ வரிசையாக இணைக்கப்பட்டு இருக்கைக்கு அடியில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். பேட்டரி சீக்கிரம் போய்விட்டால், வண்டி வைத்திருப்பவர்கள் சாலைப் பள்ளத்தையும் ஏற்றிய பாரத்தையும் குறை சொல்வார்கள். நான் பார்த்தவரையில், ஓடும்போது கெடுவதைவிட, ஓடி முடித்து வாசலில் நிற்கும்போது கெடுவதே அதிகம்.

அதற்கான காரணம் பேட்டரிக்குள்ளேயே இருக்கிறது. ஒவ்வொரு 12 வோல்ட் பேட்டரியிலும் ஆறு செல்கள் உண்டு. ஒரு செல்லின் நேர்த்தட்டில் ஈய டை ஆக்சைடும், எதிர்த்தட்டில் பஞ்சு போன்ற ஈயமும், அவற்றுக்கு நடுவே நீர் கலந்த கந்தக அமிலமும் இருக்கின்றன. வண்டி ஓடும்போது இரண்டு தட்டுகளின் மேலும் ஈய சல்பேட் படிந்து, அமிலம் நீர்த்துப்போகிறது. சார்ஜ் போடும்போது அந்தச் சல்பேட் கரைந்து, அமிலம் மறுபடியும் அடர்கிறது. 1859-இல் பிரெஞ்சுக்காரர் காஸ்தோன் பிளான்டே செய்த முதல் ஈய அமில பேட்டரியிலும் நடந்தது இதுவே. புதிதாகப் படிந்த சல்பேட் மென்மையானது, எளிதில் கரைந்துவிடும். அதை நாள்கணக்கில் அப்படியே விட்டால் கெட்டியான படிகமாக இறுகி, பிறகு எத்தனை மணி நேரம் சார்ஜ் போட்டாலும் தட்டை விட்டு இறங்காது. ‘பேட்டரி சல்பேட் பிடிச்சிடுச்சு’ என்று மெக்கானிக் கைவிரிப்பது இந்த நிலையில்தான்.

ஆகவே முதல் விதி, ஓட்டிய அன்றே சார்ஜ் போட்டுவிட வேண்டும் என்பது. கால்வாசிதான் இறங்கியிருக்கிறது, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக் கூடாது. முழுவதும் இறக்கிவிட்டுத்தான் ஏற்ற வேண்டும் என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். அது பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிக்குச் சொல்லப்பட்ட யோசனை, இதற்குப் பொருந்தாது. ஈய அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்காமல் ஓட்டுவது நல்லது, முடியாதவர்கள் ஐந்தில் நான்கு பங்கு இறங்கியதோடாவது நிறுத்திக்கொள்ள வேண்டும். ஓடும்போது ஒரு பேட்டரி 10.5 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது, அதாவது நான்கு பேட்டரி வண்டிக்கு 42 வோல்ட்.

சார்ஜ் ஏறும் விதம்

கொள்ளளவு 100 ஆம்பியர் மணி உள்ள பேட்டரிக்கு 10 ஆம்பியர் அளவில் சார்ஜ் போடுவது பாதுகாப்பான பழக்கம். ஸ்கூட்டரில் வரும் சிறிய, மூடிய பேட்டரிகளுக்கு அவற்றோடு தந்த சார்ஜரைத் தவிர வேறு எதையும் மாட்ட வேண்டாம். நல்ல சார்ஜர் மூன்று கட்டமாக வேலை செய்கிறது. முதலில் மாறாத கரன்ட்டைக் கொடுத்து, பேட்டரி ஒன்றுக்கு 14.4 முதல் 14.7 வோல்ட் வரை, அதாவது 48 வோல்ட் வண்டிக்கு ஏறத்தாழ 58 வோல்ட் வரை கொண்டுபோகிறது. பிறகு அந்த வோல்ட்டை அப்படியே பிடித்துக்கொள்ள, கரன்ட் மெல்ல மெல்லக் குறைகிறது. கடைசியில் 54 அல்லது 55 வோல்ட்டுக்கு இறங்கி, நிறைந்த பேட்டரியைக் காத்து நிற்கிறது.

கவனிக்க வேண்டியது நடுக்கட்டத்தை. பேட்டரியின் முதல் எண்பது பங்கு விறுவிறுவென்று ஏறிவிடும். மீதி இருபது பங்குக்கு மூன்று, நான்கு மணி நேரம் பிடிக்கும், அதை எந்தச் சார்ஜராலும் அவசரப்படுத்த முடியாது. விடியற்காலை மூன்று மணிக்கு மீன் ஏற்றப் போகிறவர் இரவு பத்து மணிக்குப் பிளக்கைச் செருகினால், கடைசிப் பகுதி ஒருநாளும் முடிவதில்லை; ஒவ்வொரு நாளும் கொஞ்சம் சல்பேட் மிச்சம் விழுந்து, ஆறு மாதத்தில் வண்டி பாதித் தூரத்தில் நிற்கும். அவர் மாலையிலேயே செருகிவிட வேண்டும். அதற்கு வழியில்லாவிட்டால், வாரத்தில் ஒருநாளாவது சார்ஜர் தானாகப் பச்சை விளக்குக்கு மாறும்வரை விட்டு வைக்க வேண்டும்.

வெயில் காலத்தில் வண்டி வந்து நின்றவுடன் சார்ஜ் போடாமல், பேட்டரிப் பெட்டியின் மூடியைத் திறந்துவைத்து முக்கால் மணி நேரமாவது ஆறவிட வேண்டும். சூடான பேட்டரிக்கு வழக்கமான வோல்ட்டே மிகுதி. 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் செல் ஒன்றுக்கு 3 முதல் 4 மில்லிவோல்ட் குறைக்க வேண்டும் என்பது கணக்கு. 35 டிகிரியில் 24 செல் உள்ள வண்டிக்கு இது முக்கால் வோல்ட்டிலிருந்து ஒரு வோல்ட் வரை வரும். வெப்ப உணர்வி வைத்த சார்ஜர் இதைத் தானே செய்துகொள்ளும். பேட்டரி இருக்கும் சூழல் நிரந்தரமாகப் பத்து டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும். வண்டியை நிழலில் நிறுத்துவது செலவில்லாத பராமரிப்பு.

வெறும் டிரான்ஸ்பார்மரும் டையோடும் மட்டும் உள்ள பழைய கனத்த சார்ஜரை வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அதன் வெளியீடு வீட்டு மின்சாரத்தின் வோல்ட்டைப் பின்தொடரும். மாலையில் தெருவெல்லாம் ஏசி ஓடும்போது சுவரில் வோல்ட் குறைந்து சார்ஜ் மந்தமாக ஏறும். நடுநிசிக்குப் பிறகு வோல்ட் உயர, நிறைந்துவிட்ட பேட்டரி விடிய விடியக் கொதிக்கும். தானாக நிற்கும் வசதியில்லாத சார்ஜரைப் போட்டுவிட்டுத் தூங்கப் போகக் கூடாது.

ராயபுரம், வியாசர்பாடிச் சந்து வீடுகளில் ஸ்கூட்டரை மாடிப்படிக்கு அடியில் ஏற்றி நிறுத்துவது வழக்கம், அதில் தவறில்லை. ஆனால் சார்ஜின் கடைசிப் பகுதியில் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வெளிவருகிறது. காற்றில் அது நான்கு சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறியில் வெடிக்கும். அந்த மூலையில் விளக்கோ, ஊதுவத்தியோ, அடுப்போ இருக்கலாகாது, காற்று போய்வர வழி வேண்டும். வண்டிப் பக்கத்துப் பிளக்கை முதலில் மாட்டி, பிறகே சுவர் சுவிட்சைப் போட வேண்டும்; கழற்றும்போது சுவரை முதலில் அணைக்க வேண்டும். முதல் மாடியிலிருந்து தொங்கவிடும் மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயர் பல மணி நேர ஓட்டத்தில் சூடேறும். எர்த் உள்ள மூன்று முள் பிளக்கும் கனமான ஒயரும் அவசியம்.

தண்ணீர்

மூடியில் திருகு உள்ள பேட்டரிக்கு மட்டுமே தண்ணீர் ஊற்ற முடியும். மூடிய பேட்டரியை ஒருபோதும் நெம்பித் திறக்க வேண்டாம். கோடையில் பதினைந்து நாளுக்கு ஒருமுறையும் மற்ற மாதங்களில் மாதம் ஒருமுறையும் திறந்து பார்த்தால் போதும். ஊற்ற வேண்டியது டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே. நம் பகுதியில் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மீஞ்சூர், மணலிப் பக்கம் நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறிவிட்டது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்த உப்பிலுள்ள குளோரைடு ஈயத் தட்டை அரிக்கும், போர் தண்ணீரில் கலந்த இரும்பு பேட்டரியைச் சும்மா இருக்கும்போதே இறக்கிவிடும். இருபது லிட்டர் கேன் தண்ணீர் குடிக்க நன்றாக இருந்தாலும் அதிலும் உப்பு உண்டு. ஏசியிலிருந்து சொட்டுவதைப் பிடித்து ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். தூசியும் செம்புக் குழாயின் துகளும் அதில் வரும் என்பதால் நான் அதை ஒப்புக்கொள்வதில்லை.

சார்ஜ் முடிந்த பிறகுதான் தண்ணீர் ஊற்ற வேண்டும். சார்ஜ் ஏறும்போது கரைசல் விரிந்து மட்டம் உயரும் என்பதை நான் பணம் கொடுத்துத்தான் கற்றேன்: இறங்கிய பேட்டரியில் விளிம்புவரை ஊற்றிவிட்டுச் சார்ஜ் போட்டேன், காலையில் பார்த்தபோது ஆசிட் வழிந்து தகரத் தட்டையும் இரண்டு ஒயரையும் தின்றிருந்தது. வழிந்த ஆசிட் போனது போனதுதான், அந்தச் செல் பிறகு தேறவே இல்லை. தட்டுகள் வெளியே தெரியும் அளவுக்கு வற்றியிருந்தால் மட்டும், அவை மூழ்கும்வரை முன்னதாகக் கொஞ்சம் ஊற்றலாம். பிறகு, தட்டுக்கு மேல் ஒரு விரல் தடிமன் அளவுக்கு நிரப்பினால் போதும். ஆசிட் ஒருபோதும் ஊற்றக் கூடாது. ஆவியாவது தண்ணீர்தான், ஆசிட் அல்ல. வழக்கத்தைவிட அதிகத் தண்ணீர் குடிக்கத் தொடங்கினால் குற்றம் சார்ஜரில் இருக்கும்.

கையில், அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் இருந்தால் ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகப் பார்க்கலாம். தயாரிப்பைப் பொறுத்து, நிறைந்த செல் 1.240-லிருந்து 1.280 வரை காட்டும். எண்ணைவிட வித்தியாசமே முக்கியம்: ஒரே பேட்டரியில் செல்லுக்குச் செல் 0.030-க்கு மேல் விலகியிருந்தால், தயாரிப்பாளர் அனுமதிக்கும் வகை என்றால், எல்லாச் செல்களையும் ஒரே நிலைக்குக் கொண்டுவர, சமன்செய்யும் சார்ஜ் ஒன்று கொடுத்துப் பார்க்கலாம். கண்ணாடியும் ரப்பர் கையுறையும் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். ஆசிட் பட்டால் கால் மணி நேரம் குறையாமல் ஓடும் நீரில் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் கழுவியவுடன் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அளப்பதும் துடைப்பதும்

சார்ஜ் முடிந்து நான்கைந்து மணி நேரம் ஓய்ந்த பிறகு பேட்டரி ஒவ்வொன்றையும் மல்டிமீட்டரில் பார்த்தால், நிறைந்தது 12.7 வோல்ட்டை ஒட்டியும், பாதி இறங்கியது 12.2 அளவிலும் காட்டும். டாஷ்போர்டில் ஓடும் கோடுகளை நம்ப வேண்டாம். மேம்பாலம் ஏறும்போது வோல்ட் சரிந்து, இறங்கியதும் திரும்பிவிடும். நான்கில் ஒன்று மட்டும் பின்தங்கினால், யாராவது அந்த ஒரு பேட்டரியிலிருந்து பாட்டுப் பெட்டிக்கோ, விளக்குக்கோ 12 வோல்ட் ஒயர் இழுத்திருக்கிறார்களா என்று முதலில் தேடுங்கள். பெரும்பாலும் இழுத்திருப்பார்கள். 48-லிருந்து 12 வோல்ட்டாக மாற்றும் கன்வர்ட்டர் வைத்தால் நான்கும் சமமாக இறங்கும்.

கடற்காற்று வீசும் எண்ணூர் நெடுஞ்சாலையோரம் டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூப்பது விரைவாக நடக்கும். முதலில் எதிர்முனை (நெகட்டிவ்) ஒயரைக் கழற்றி, ஆப்ப சோடாவை நீரில் கரைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்து, நன்றாகத் துடைத்து உலர்த்தி, இறுக்கிய பின் மேலே வாஸ்லின் பூச வேண்டும். சோடா நீர் செல்லுக்குள் ஒரு சொட்டும் போகக் கூடாது. ஸ்பேனரின் கைப்பிடிக்கு இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொள்ளுங்கள், விரலில் மோதிரம் இருந்தால் கழற்றிவிடுங்கள். ஆயுத பூஜைக்குப் பைப்பைப் பிடித்து வண்டியைக் குளிப்பாட்டுகிறவர்கள் பேட்டரிப் பெட்டியை விட்டுவிட்டுக் குளிப்பாட்டட்டும். வடகிழக்குப் பருவமழையில் பெட்டி மூழ்கிய வண்டிக்கு, உள்ளே திறந்து உலர்த்தி மெக்கானிக் பார்க்கும்வரை சார்ஜ் போடக் கூடாது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன் வண்டிகள் பலவும் கொளுத்தும் வெயிலில் சும்மா நிற்கும். பேட்டரி நின்றாலும் தானாகவே இறங்கும், சூட்டில் இன்னும் வேகமாக இறங்கும். சாவியை எடுத்துவிட்டாலும், மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து தரும் கன்ட்ரோலர் கொஞ்சம் உறிஞ்சிக்கொண்டிருக்கும். எனவே நிறைய ஏற்றி, பேட்டரி இணைப்பைத் துண்டிக்கும் பிரேக்கரை அணைத்து அல்லது எதிர்முனையைக் கழற்றி வைத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மறுபடி ஏற்ற வேண்டும்.

மாற்றும் நாள் வந்தால் நான்கையும் சேர்த்தே மாற்றுங்கள். மூன்று பழையதோடு ஒரு புதியதைக் கோத்தால் புதியதும் பழையதன் வயதுக்குச் சீக்கிரம் வந்துசேரும். பழையதைப் புதியது வாங்கும் கடையிலேயே கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளலாம்; 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய பேட்டரி முறையான மறுசுழற்சிக்குப் போகும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மேல் வைத்திருக்கின்றன. ஆசிட்டைக் கொட்டிவிட்டு எடுத்து வாருங்கள் என்று சொல்லும் காயலான் கடைக்கு அதைக் கொடுக்க வேண்டாம். அந்த ஆசிட் கரைந்த ஈயத்தோடு தெருச் சாக்கடை வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குத்தான் போகும். மூடிகளை இறுக்கி, பேட்டரியைச் சாய்க்காமல் நிமிர்த்தி வைத்து எடுத்துச் செல்லுங்கள்.