மாயவரம் ஜங்ஷன்ல ட்ரெயின் ஏறுறவங்களுக்கு

அம்ரித் பாரத் திட்டத்துல மயிலாடுதுறை ஸ்டேஷன் எவ்ளோ மாறினாலும் முகூர்த்த நாள் கவுண்டர் க்யூ மட்டும் மாறாது போல, தஞ்சாவூர், திருவாரூர், விழுப்புரம்னு மூணு பக்கம் லைன் பிரியுற எடமாச்சே. அன்ரிசர்வ்டுன்னா ரயில்ஒன் ஆப்ல வீட்லேந்து கிளம்பறப்பவே போட்டுருங்க, ஸ்டேஷன் உள்ள வந்துட்டா அங்க ஒட்டிருக்க க்யூஆர் கோட ஸ்கேன் பண்ணித்தான் எடுக்கணும். பேப்பர்லெஸ் டிக்கெட்ட ஆப்லயே காட்டணும், ஸ்கிரீன்ஷாட்லாம் செல்லாது. டிக்கெட் போட்டு 3 மணி நேரத்துக்குள்ள ஏறணும், அதனால காலைலயே போட்டு வைக்காதீங்க.

அப்புறம் சென்னைலேந்து வர்றவங்க, பல்லவன் வைகைலாம் விருத்தாசலம் அரியலூர் வழியா கார்டு லைன்ங்கிற குறுக்கு ரூட்ல போயிரும், நம்ம பக்கம் எட்டிக்கூட பாக்காது. சோழன், உழவன் மாதிரி மாயவரம் வழியா வர்ற மெயின் லைன் வண்டியா பாத்து புக் பண்ணுங்க.