மாடியில் எலுமிச்சை வளர்க்கப் பெரிய தொட்டியைத் தேர்ந்தெடுக்கும் முறை

புதுச்சேரியிலும் கடலூரிலும் மாடித் தோட்டம் தொடங்குபவர்கள் பெரும்பாலும் செடியை முதலில் வாங்கிவிட்டு, பிறகு கைக்குக் கிடைத்த தொட்டியில் அதை வைத்துவிடுகிறார்கள். கத்தரிக்கும் வெண்டைக்கும் அது பரவாயில்லை. ஆனால் எலுமிச்சை, நாரத்தை, சாத்துக்குடி போன்றவை பத்து ஆண்டுகளுக்கு மேல் நம்மோடு இருக்கப்போகும் மரங்கள் என்பதால், தொட்டியை முதலில் முடிவு செய்வதே சரி. ஐப்பசி, கார்த்திகையில் கொட்டும் மழையை வெளியேற்றவும், அக்கினி நட்சத்திரத்தில் ஈரத்தைக் காக்கவும் அந்த ஒரே தொட்டிதான் உதவ வேண்டும்.

நீர் வெளியேறுவதை நான் முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது, புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பெய்தது. மூன்று ஆண்டுகள் வளர்ந்த என் எலுமிச்சை அப்போது ஒரு முழு உயர டிரம்மில் நின்றது. அடியில் மூன்றே துளைகள் இருந்தன. அவற்றையும் மண் அடைத்துக்கொண்டது. பொங்கலுக்குள் இலைகள் மஞ்சளாகி உதிர்ந்துவிட்டன. டிரம்மைச் சாய்த்துப் பார்த்தபோது அடிவேர்கள் கறுத்து, விரலால் இழுத்தாலே தோல் உருவிக்கொண்டு வந்தது. தேங்கிய ஈரத்தில் பரவும் வேரழுகல் நோயின் அடையாளம் அது.

முதல் படி: தளம் எவ்வளவு எடை தாங்கும் என்று பாருங்கள்

ஈரமான மண்கலவை லிட்டருக்கு ஏறத்தாழ 1.2 முதல் 1.5 கிலோ வரை இருக்கும். ஆகவே 100 லிட்டர் தொட்டி, மழை நாளில் 130 கிலோவை எளிதாகத் தாண்டும். ஆட்கள் ஏறிப் புழங்கும் கான்கிரீட் மாடிக்கு இந்தியத் தர விதிகள் கணக்கில் கொள்ளச் சொல்லும் சுமை சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோதான். எனவே பெரிய தொட்டிகளைத் தளத்தின் நடுவில் கூட்டமாக வைக்காமல், கீழே சுவரோ பீமோ செல்லும் இடங்களின் மேல் இடைவெளி விட்டு வையுங்கள்.

புதுச்சேரியின் பழைய வீதிகளில், மரக்கட்டைகளின் மேல் செங்கல்லை அடுக்கிச் சுண்ணாம்புக் காரை பூசிய மெட்ராஸ் டெரஸ் வீடுகள் இன்னும் பல உள்ளன. அத்தகைய வீடாக இருந்தால் மாடியை மறந்துவிடுங்கள். வெயில் விழும் முற்றமோ கொல்லைப்புறமோ போதும். நாளுக்கு ஆறு மணி நேர நேரடி வெயில் கிடைக்கிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: ஆழத்தைவிட அகலத்தைத் தேடுங்கள்

எலுமிச்சைக் குடும்பத்தின் உணவு உறிஞ்சும் வேர்கள் மண்ணின் மேல் அடுக்கில்தான் அடர்ந்து பரவுகின்றன. அதனால் மூன்றடி ஆழமுள்ள தொட்டி மரத்துக்குப் பெரிதாக உதவுவதில்லை. எடையும் காற்றில் சாயும் அபாயமுமே கூடுகின்றன. இரண்டடி அகலமும் ஒன்றரை அடி ஆழமும் கொண்ட தொட்டியில் ஏறத்தாழ 130 லிட்டர் கொள்ளும். ஒரு எலுமிச்சை மரம் நிலைத்துக் காய்க்க அது தாராளம். இடம் குறைவாக இருந்தால், ஒன்றரை அடி அகலமும் அதே ஆழமும் உள்ள, ஏறத்தாழ 70 லிட்டர் கொள்ளும் தொட்டியிலும் வளர்க்கலாம். ஆனால் கோடையில் தினமும் நீர் ஊற்ற வேண்டியிருக்கும்.

நாற்றங்காலிலிருந்து வரும் சிறு கன்றை நேராக இந்தப் பெரிய தொட்டியில் நட வேண்டாம். வேர் எட்டாத மண் நாள்கணக்கில் ஈரமாகவே கிடந்து புளித்துவிடும். முதல் ஆண்டு 20 அல்லது 25 லிட்டர் வாளியில் வளர்த்து, வேர் நிறைந்த பிறகு மாற்றுங்கள்.

மூன்றாம் படி: எந்தப் பொருளால் ஆன தொட்டி?

தொடங்குபவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது, 200 லிட்டர் நீல பிளாஸ்டிக் டிரம்மைக் குறுக்காக இரண்டாக அறுத்த பாதியைத்தான். ஒவ்வொரு பாதியும் ஏறத்தாழ 100 லிட்டர் கொள்ளும். அகலமும் ஆழமும் நமக்கு வேண்டிய அளவிலேயே அமைந்துவிடும். ஆனால் பழைய டிரம் வாங்கும்போது அதில் முன்பு என்ன வந்தது என்று கட்டாயம் கேளுங்கள். உணவுப் பொருள் வந்த டிரம்மை மட்டுமே எடுங்கள். ரசாயனம் வந்ததை எவ்வளவு கழுவினாலும் பயன்படுத்தக் கூடாது, விலை மலிவாகக் கிடைத்தாலும்கூட. நீல நிறம் சித்திரை வெயிலில் சூடேறி, மேற்குப் பக்க வேர்களைச் சுட்டுவிடும் என்பதால், வெளிப்புறம் வெள்ளை வண்ணம் பூசுங்கள் அல்லது தென்னங்கீற்று சாத்துங்கள்.

மண் தொட்டி வேருக்கு மிக நல்லது. அதன் சுவர் வழியாகவே ஈரமும் காற்றும் போய்வருகின்றன. வில்லியனூர் சுடுமண் வேலைக்குப் பெயர்பெற்ற ஊர் என்பதால் நமக்கு நல்ல தொட்டி கிடைப்பதும் எளிது. எடையும் உடையும் தன்மையும்தான் குறைகள். ஆகவே தரையில் வைப்பவர்களுக்கு இது முதல் தேர்வு. சிமெண்ட் தொட்டியிலிருந்து சுண்ணாம்பு மண்ணில் இறங்கும்; எலுமிச்சைக்கோ சற்று அமிலத்தன்மையுள்ள மண்தான் பிடிக்கும். வாங்கினால் ஒரு வாரம் நீர் நிரப்பி, நீரை மாற்றி மாற்றி ஊறவைத்த பிறகே பயன்படுத்துங்கள். இரும்பு டிரம் உப்புக்காற்றில் விரைவில் துருப்பிடிக்கும். குரோ பேக் எடை குறைந்தது என்றாலும், நிரப்பிய பின் நகர்த்தினால் வேர்கள் அறுபடுகின்றன; மலிவான பை சில ஆண்டுகள் வெயிலில் பொடிந்துவிடும்.

நான்காம் படி: துளைகளும் செங்கற்களும்

அரைத் தொட்டியின் அடியில் 12 மில்லிமீட்டர் அளவில் எட்டு முதல் பத்துத் துளைகள் இடுங்கள். அடியிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் பக்கவாட்டிலும் நான்கு துளைகள் இருக்கட்டும். அடித்துளை அடைத்தாலும் நீர் வெளியேற அவை வழிவிடும். டிரம்மின் மேல் பாதியைக் கவிழ்த்துப் பயன்படுத்தினால், மூடித் துளைகளும் அடியில் வந்து வடிகாலாகிவிடும். எல்லாத் துளைகளின் மேலும் கொசுவலைத் துண்டைப் பரப்பி, தொட்டியை மூன்று செங்கற்களின் மேல் தூக்கி வையுங்கள்.

அடியில் ஜல்லி போடுவது பலரின் வழக்கம். அதனால் வடிகால் மேம்படுவதில்லை. மேலுள்ள நுண்ணிய மண் முழுவதும் நனைந்து நிறைந்த பின்னரே நீர் ஜல்லிக்குள் இறங்கும். ஆகவே சேறான பகுதி இன்னும் மேலே, வேருக்கு அருகில் வந்துவிடுகிறது. அந்த இடத்தையும் மண்ணுக்கே கொடுங்கள்.

மண் நிரப்பும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். காலித் தொட்டியில் ஒரு குடம் நீர் ஊற்றினால் அது சில நொடிகளில் முழுவதும் வடிய வேண்டும். ஓரத்தில் குட்டையாக நின்றால் அங்கே இன்னொரு துளை இடுங்கள்.

ஐந்தாம் படி: நிரப்பி நடுதல்

செம்மண் ஒரு பங்கு, நன்றாக மட்கிய தொழுவுரம் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, ஆற்று மணல் அரைப் பங்கு. கடற்கரை மணல் வேண்டாம். நார்க்கழிவில் உப்பு இருக்கும் என்பதால் இரண்டு மூன்று முறை நீரில் அலசிப் பிழிந்த பிறகே கலக்குங்கள். எலுமிச்சை உப்பைத் தாங்காது. உங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீர் கரிப்பாக இருந்தால், மழைநீரைச் சேமித்து மாதம் ஒருமுறை அடியில் வழியும்வரை ஊற்றி உப்பை அடித்துச் செல்ல விடுங்கள். துளைகள் நிறைந்த தொட்டியில்தான் இது முடியும்.

விதைக் கன்று காய்க்கப் பல ஆண்டுகள் எடுக்கும் என்பதால் பதியன் அல்லது ஒட்டுச் செடியையே வாங்குங்கள். வாளியில் அதன் வேர் நிறைந்த பிறகு, மழை ஓய்ந்த தை மாதத்தில், பெரிய தொட்டியின் விளிம்பிலிருந்து மூன்று அங்குலம் கீழே மண் நிற்குமாறு நிரப்பி, ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேலே நான்கு விரலாவது தெரியும்படி நடுங்கள். பிறகு அடித்துளைகள் எல்லாவற்றிலிருந்தும் நீர் வடியும்வரை ஊற்றுங்கள்; மேல்மண் ஒரு அங்குல ஆழம் உலர்ந்தது விரலுக்குத் தெரியும்வரை மறுபடி ஊற்ற வேண்டாம்.