பார்சி காரா பூவேலை: அவுட்லைன் போடாமல் ஒரு பூ

மும்பை மாட்டுங்காவில் எங்கள் கட்டடத்திலிருந்து பத்து நிமிடம் நடந்தால் தாதர் பார்சி காலனி. அங்கே ஒரு ஆன்ட்டி, தன் பாட்டியுடைய புடவையிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பார்டரை என் கையில் கொடுத்து "இதே மாதிரி ஒரு பூ போட்டுக் காட்டு" என்றார். மூன்று முறை சொதப்பினேன். நான்காவது தேறியது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஊசியில் நூல் கோர்ப்பது, ஃப்ரேம் மாட்டுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

சின்ன முன்கதை. 'காரா' என்பது நான்கு பக்கமும், சிலவற்றில் உடல் முழுக்கவும் பூவேலை செய்த பார்சிப் புடவை (முதல் எழுத்தை கணபதியின் க மாதிரி சொல்லுங்கள், காராபூந்தி நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பில்லை). தனியாக எடுத்துத் தைக்கும் பார்டருக்குப் பெயர் 'கோர்'. பத்தொன்பதாம் நூற்றாண்டில், பம்பாயின் பெரிய வணிகர் ஜம்சேட்ஜி ஜீஜிபாய் காலத்துப் பார்சி வணிகர்கள் அபினும் பஞ்சும் ஏற்றிக்கொண்டு சீனாவின் கான்டன் துறைமுகத்துக்குப் போனார்கள். திரும்பும்போது வீட்டுப் பெண்களுக்கு அங்கே பூவேலை செய்த பட்டுத் துணியைக் கொண்டுவந்தார்கள். அதனால்தான் கொக்கு, மூங்கில், பியோனிப் பூ, பகோடா எல்லாம் ஒரு இந்தியப் புடவையில் வந்து உட்கார்ந்திருக்கின்றன. வட்ட வட்டமாக வரும் ஒரு டிசைனுக்கு இவர்கள் 'காந்தா பபேட்டா' என்று பெயர் வைத்துவிட்டார்கள், அதாவது வெங்காயம் உருளைக்கிழங்கு! 2011 கணக்கெடுப்பில் இந்தியா முழுக்கவே பார்சிகள் 57,264 பேர்தான். வேலை தெரிந்த கைகள் இன்னும் குறைவு. 1999-இல் தொடங்கிய பார்ஸோர் அமைப்பு இந்தத் தையலை ஆவணப்படுத்திப் பயிற்சியும் கொடுத்து வருகிறது.

சரி, வேலைக்கு வருவோம்.

முதலில் டிசைனை எடுக்க வேண்டும். பழைய துணிமேல் பேப்பர் வைத்துப் பென்சிலால் அழுத்திவிடாதீர்கள், பட்டு இழை நைந்துவிடும். பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து நேர் மேலிருந்து போட்டோ எடுத்து, அதே அளவில் பிரின்ட் போட்டு, அந்த பிரின்ட்டிலிருந்து டிரேசிங் பேப்பரில் வரையுங்கள். அப்புறம் நம்மூர் ஆரி வகுப்பில் செய்வதேதான்: கோட்டின்மேல் நெருக்கமாக ஊசியால் துளை போட்டு, மண்ணெண்ணெயில் குழைத்த ஜிங்க் பவுடரைப் பஞ்சால் ஒற்றியெடுத்தால் துணியில் புள்ளிப் புள்ளியாக விழும். கார்பன் பேப்பர் வேண்டவே வேண்டாம். என் முதல் துணி அதில்தான் போனது, வெள்ளை நூலில் நீலம் ஏறிவிட்டது.

துணிக்கு அடர் மெரூன் அல்லது கத்தரிப்பூ நிறத்தில் கிரேப், அடியில் ஒரு மல் துணி. நூல், முறுக்கில்லாத பட்டு நூல், வெள்ளை அல்லது சந்தன நிறம். அது கிடைக்காவிட்டால் ஆங்கர் ஆறிழை நூலில் ஒரே ஒரு இழை. ஊசி பத்தாம் நம்பர். ஆரி ஊசியில் போடலாமா என்று கேட்பீர்கள், கூடாது. ஆரி போடுவது சங்கிலித் தையல், காராவின் உயிர் சாட்டின் தையல், அதாவது இழைகளைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிப் போட்டு நிரப்புவது. பளபளப்பே வேறு.

இப்போது நான் விழுந்த இடம். பள்ளியில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது, முதலில் அவுட்லைன், அப்புறம் உள்ளே நிரப்பு. அப்படியே ஒவ்வொரு இதழுக்கும் காம்புத் தையலில் ஓரம் கட்டி, உள்ளே நிரப்பி, பெருமையாகக் கொண்டுபோய்க் காட்டினேன். ஆன்ட்டி கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்துவிட்டு, "டிக்ரா, இது என்ன, கலரிங் புத்தகமா?" என்றார் (டிக்ரா என்றால் குஜராத்தியில் பிள்ளை). பிறகு லென்ஸைக் கொடுத்துப் பழைய கோர் பார்டரைப் பார்க்கச் சொன்னார். அதில் கோடு என்று எதுவுமே இல்லை. இதழுக்கும் இதழுக்கும் நடுவே மயிரிழை அளவு தைக்காமல் விட்டிருக்கிறார்கள், அந்த இடைவெளியில் தெரியும் துணியின் அடர் நிறம்தான் கோடாகக் கண்ணுக்குப் படுகிறது. கொக்கின் இறகும் இப்படித்தான்.

ஆகவே வரையும்போதே இதழ்களை ஒட்டி வரையாதீர்கள். நடுவில் அரை மில்லிமீட்டர் விட்டு, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கோடாக வரையுங்கள். இதழின் நடுவில் முதல் தையல் போட்டு ஒரு ஓரம் வரை போங்கள், திரும்ப நடுவுக்கு வந்து மறு ஓரம். கோட்டில் ஊசி செங்குத்தாக இறங்க வேண்டும், சாய்ந்தால் இழை கோட்டைத் தாண்டி இடைவெளிக்குள் விழும். என் இரண்டாவது பூவில் மூன்று இழை சேர்த்துப் போட்டதால் தையல் உப்பி, விட்ட இடைவெளி மூடிக்கொண்டது. மூன்றாவதில் ஃப்ரேம் தளர்ந்து துணி சுருங்கியது. உள் வளையத்தில் பருத்தி நாடா சுற்றினால் வழுக்காது. இதழ் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நீளம் என்றால் ஒரே வீச்சில் போடாமல், நீளமும் குட்டையுமாக வரிசை பிரித்துப் போடுங்கள், இல்லாவிட்டால் வளையல் மாட்டி இழுத்துவிடும்.

பூவின் நடுவுக்கு முடிச்சு. பிரெஞ்சு முடிச்சு மாதிரி இரண்டு சுற்று வேண்டாம். ஊசியில் ஒரே சுற்று, வந்த துளைக்கு ஒட்டினாற்போல் பக்கத்தில் குத்தி, சுற்றை ஊசியோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு கீழே இழுங்கள். நடுவில் குட்டித் துளையோடு வளையம் மாதிரி படுத்திருக்கும். இதையே மிக நுணுக்கமாகப் போட்டுப் போட்டுக் கண் போனவர்கள் உண்டு என்பார்கள், 'தடை செய்யப்பட்ட தையல்' என்ற பெயர் அப்படி வந்ததாம். நீங்கள் பகல் வெளிச்சத்தில் அரை மணி நேரம் போட்டால் போதும்.

பழைய துண்டு கையில் இருந்தால், தோய்க்காதீர்கள். பின்பக்க மூலையில் ஈரப் பஞ்சை ஒற்றிப் பாருங்கள், சிவப்பு இறங்கலாம் (எனக்கு இறங்கியது). மடித்து வைத்தால் மடிப்பில் வெடிக்கும். நம் பட்டுப்புடவைக்குச் செய்வதுபோல கஞ்சியில்லாத பழைய வெள்ளை வேட்டி எடுத்து, ஒரு குழாயில் சுற்றி, பூவேலை வெளிப்பக்கம் இருக்கும்படி துண்டை அதன்மேல் சுருட்டி, மேலேயும் வேட்டியால் மூடுங்கள். பிளாஸ்டிக் கவர் வேண்டாம், அந்துருண்டை துணியில் படக் கூடாது.

பின்சேர்க்கை: முடிச்சு பின்பக்கம் நழுவிப் போகிறது என்று மூன்று பேர் எழுதியிருந்தார்கள். வந்த துளையிலேயே திரும்பக் குத்துகிறீர்கள், இரண்டு இழை தள்ளிக் குத்துங்கள்.

இன்னொரு பின்சேர்க்கை: கிழிந்த காராவை வெட்டிப் பூவை மட்டும் புதுத் துணியில் ஒட்டலாமா என்று ஒருவர் கேட்டார். கோர் என்றால் தாராளமாகப் பிரித்து மாற்றித் தையுங்கள், ஒரு புடவையிலிருந்து இன்னொன்றுக்குப் போகத்தான் அதைச் செய்தார்கள். புடவையிலேயே போட்ட வேலை என்றால் வெட்டாமல், அதே நிறத்தில் மெல்லிய பட்டுத் துணியை அடியில் கொடுத்து, கிழிசலைச் சுற்றி ஒற்றை இழையால் பிடித்துத் தையுங்கள். கறுப்புப் புடவையாக இருந்தால் ஊசி போடும் முன் ஒரு ஓரத்தை லேசாக விரலால் நீவிப் பாருங்கள். இரும்புச் சத்துள்ள பழைய கறுப்புச் சாயம் பட்டு இழையை அரித்திருந்தால் அது தூளாக உதிரும், அதில் ஊசி வைக்காமல் சுருட்டி வைத்துவிடுங்கள்.