இருநிற இலைமரம் வெறும் பச்சையாக மாறுவது ஏன்? தடுக்கும் முறை

வேலூர், காட்பாடிப் பகுதிகளில் வெரிகேட்டட் (பச்சையும் வெள்ளையும் கலந்த இலையுள்ள) பைகஸ் எனும் அத்தி இன அழகுமரம், வெரிகேட்டட் செம்பருத்தி போன்றவற்றை ஆசையாக வாங்கி நட்ட பலர், சில ஆண்டுகளில் வெள்ளை கலந்த இலைகள் குறைந்து மரம் வெறும் பச்சையாவதைக் கண்டு, நோயோ உரக்குறைவோ என்று கவலைப்படுகிறார்கள். பெரும்பாலும் இரண்டும் காரணமல்ல.

கிளை நுனியின் வளர்முனையில் செல்கள் அடுக்கடுக்காக அமைந்துள்ளன. இத்தகைய மரங்கள் பலவற்றில் ஓர் அடுக்கு பச்சையம் உண்டாக்கும் திறனை இழந்திருக்கும். மற்ற அடுக்குகள் இயல்பாக இருக்கும். ஜெரேனியம் செடியின் வெள்ளை ஓர இலைகள் இவ்வாறே உருவாகின்றன என்பதை ஜெர்மானியத் தாவரவியலாளர் எர்வின் பௌர் 1909இல் விளக்கினார். புதிய மொட்டு தோன்றும்போது அடுக்குகளின் வரிசை குலைந்து, பச்சைச் செல்கள் மட்டுமே அதில் இடம்பெற்றால், அங்கிருந்து வரும் கிளை முழுப் பச்சையாகிறது. வெள்ளைப் பகுதியால் உணவு தயாரிக்க முடியாது என்பதால், பச்சைக் கிளை வேகமாகத் தடித்து, மற்ற கிளைகளுக்கு நிழலிட்டு, இறுதியில் மரத்தையே தன்வசமாக்கிக்கொள்கிறது.

முதலில், மழைக்குப்பின் புதுத் துளிர் விடும் நாட்களில் மரத்தைச் சுற்றிவந்து பாருங்கள். பச்சைத் துளிரின் இலைகள் பெரியனவாகவும், கணுக்களின் இடைவெளி நீண்டும் இருப்பதால் எளிதில் அடையாளம் தெரியும். ஒட்டுச்செடியாயின், ஒட்டுக்குக் கீழிருந்து வருவது வேர்ச்செடியின் (ஒட்டுப்போட அடியில் பயன்படுத்திய செடியின்) தளிர். அதையும் நீக்க வேண்டும்.

அடுத்து, பச்சைத் தளிரை அது புறப்படும் இடம்வரை பின்தொடர்ந்து, அடியோடு வெட்டுங்கள். நுனியை மட்டும் கிள்ளினால் கீழேயுள்ள கணுக்களிலிருந்து மேலும் பல பச்சைக் கிளைகள் கிளம்பும். தொடக்கக்காரர்களின் முயற்சி வீணாவது பெரும்பாலும் இங்கேதான். கத்தரிக்கோலை முன்பே ஸ்பிரிட்டால் துடைத்துக்கொள்ளுங்கள். பைகஸ் வெட்டுவாயில் பால் வடியும் என்பதால் கையுறை அவசியம்.

முழுப் பச்சையான பெரிய கிளைகளை அக்னி நட்சத்திர வெயிலில் ஒரேயடியாக அகற்ற வேண்டாம். நிழலிழந்த வெள்ளை இலைகள் கருகிவிடும். பருவமழைக் காலத்தில் சிறிது சிறிதாக நீக்குவதே நல்லது. முழு வெள்ளையாக வரும் தளிர் தனித்து நீடிக்காது என்பதால், அதையும் எடுத்துவிடலாம்.

மரம் ஏறத்தாழ முழுவதுமாகப் பச்சையாகிவிட்டால், எஞ்சிய நல்ல கிளையில் பதியன் போட்டுப் புதுச்செடி எடுப்பதே நம்பகமான வழி. விதை முளைத்தால் இந்த இருநிறம் பெரும்பாலும் வராது.