ஷென்யாங் குளிரில் தோழியோடு ஜியாவ்ட்ஸ பிடிப்பது எப்படி

சீனாவின் வடகிழக்கே ஷென்யாங்கில் மருத்துவம் படிக்கப் போன முதல் குளிர்காலம். நூலகத்தில் பழக்கமான சீனத் தோழி ஒருத்தி, "இன்னைக்கு ஜியாவ்ட்ஸ சாப்பிடலைன்னா காது உறைஞ்சு விழுந்துடும், வா" என்று கையோடு வீட்டுக்கு அழைத்துப் போனாள். டிசம்பர் 21 அல்லது 22-இல், ஆண்டிலேயே பகல் மிகக் குறுகிய நாளன்று, வட சீனாவில் வீட்டுக்கு வீடு, மைதா வட்டத்தில் பூரணம் வைத்து மடித்து வேகவைக்கும் இந்தக் கொழுக்கட்டைதான் சாப்பாடு. ஹான் வம்சக் காலத்து மருத்துவர் ஜாங் ஜோங்ஜிங், குளிரில் காது புண்ணாகிப்போன ஏழைகளுக்கு ஆட்டிறைச்சியும் மூலிகையும் வைத்து, காது வடிவில் பிடித்துக் கொடுத்தார் என்று அவள் கதை சொன்னாள். தெற்கே பல ஊர்களில் அன்றைக்கு அரிசிமாவு உருண்டைதான்.

அவள் வீட்டில் கற்றுக்கொண்டதை அப்படியே தருகிறேன். 45 வரும், இரண்டு பேருக்குத் தாராளம்.

முதலில் மாவு. மைதா 300 கிராம், ஒரு சிட்டிகை உப்பு, பச்சைத் தண்ணீர் 150 மில்லி. பூரி மாவுப் பதத்துக்குப் பிசைந்து ஈரத்துணி போட்டு அரை மணி நேரம் விடுங்கள். கடையில் விற்கும் வட்டங்களை வாங்காதீர்கள், அவை ஒரே கனமாக இருக்கும், தவிர தோழியோடு உட்கார்ந்து தேய்க்கும் நேரம்தான் இந்தச் சாப்பாட்டில் பாதி.

அடுத்து பூரணம். அங்கே பன்றி இறைச்சியும் புளிக்கவைத்த முட்டைக்கோஸும்தான் பிரபலம். எனக்காக அவள் செய்தது முட்டையும் ஜியூட்சாயும், அதாவது வெங்காயத்தாள் போல, பூண்டு வாசம் அடிக்கும் பட்டையான ஒரு தாள். இந்தப் பூரணத்தில் பொடி உலர் இறால் போடும் பழக்கமும் உண்டு, அதனால் சாப்பிடாதவர்கள் முதல் நாளே சொல்லிவிடுங்கள். நான்கு முட்டையைப் பொடிமாஸ் போல உதிர்த்து ஆறவிடுங்கள். 250 கிராம் தாளைக் கழுவி, ஈரம் போக உலர்த்தி, பொடியாக நறுக்கி, இரண்டு ஸ்பூன் எண்ணெயில் பிசிறுங்கள். உப்பைக் கடைசியில், பிடிக்கத் தொடங்கும்போது மட்டும் சேர்க்க வேண்டும், முன்பே போட்டால் தண்ணீர் விட்டுக்கொண்டு மாவு கிழியும். சீன எள்ளெண்ணெய் வறுத்த எள்ளில் எடுப்பது, நம் நல்லெண்ணெயைவிட வாசனை பல மடங்கு, சில சொட்டுகள் போதும்.

இனி தேய்ப்பது. மாவைக் கயிறாக உருட்டி, கோலிக்குண்டைவிடச் சற்றுப் பெரிய துண்டுகளாக வெட்டி, உள்ளங்கையால் அமுக்குங்கள். ஒரு கை சின்னக் கட்டையை உருட்ட, மறுகை வட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப வேண்டும், கட்டை ஓரத்திலிருந்து நடுப்பகுதி வரை போய்த் திரும்பினால் நடுவில் கனமும் ஓரத்தில் மெல்லிசுமாக வரும். எனக்கு இது வர ஒரு மணி நேரம் ஆனது. மடிப்பு மட்டும் உடனே வந்துவிட்டது, சோமாஸ் மடித்த கை அல்லவா! ஒரு ஸ்பூன் பூரணம் வைத்து அரைவட்டமாக மடித்து, நடுவில் முதலில் அழுத்தி, அப்புறம் இரு பக்கமும் சின்னக் கொசுவம் வைத்து ஒட்டுங்கள். அதைப் பார்த்துவிட்டு அவள் அம்மா என்னைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் போட்டு, கரண்டியின் முதுகால் அடியில் ஒட்டாமல் மெல்லத் தள்ளிவிடுங்கள். மறுபடி கொதி வந்ததும் அரை டம்ளர் பச்சைத் தண்ணீர். இறைச்சி என்றால் இப்படி மூன்று முறை, முட்டைக்கு ஒன்றிரண்டு போதும். மிதந்து, வயிறு உப்பியதும் எடுத்துவிடலாம்.

தொட்டுக்கொள்ளக் கறுப்பு வினிகரும் நசுக்கிய பூண்டும், விரும்பினால் மிளகாய் எண்ணெய். சுடச்சுட ஒரே வாயில் போடாதீர்கள், ஓரத்தில் கடித்து ஆவி போனதும் சாப்பிடுங்கள். பக்கத்தில் இருப்பவர் உங்கள் கிண்ணத்தில் எடுத்து வைத்துக்கொண்டே இருப்பார், நீங்களும் அவருக்கு எடுத்து வையுங்கள்.

வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட வேண்டாம். ஆளுக்கு ஒரு கிண்ணம் ஊற்றிக் குடிப்பார்கள், உண்டதை அது வெந்த நீரே செரிக்க வைக்கும் என்பது அவர்கள் வழக்கு. நம் வீட்டுச் சோற்றுக் கஞ்சி போலவே இருந்தது, இரண்டாவது கிண்ணமும் கேட்டு வாங்கிக் குடித்தேன்.