கடற்பஞ்சுக்குள் புகுந்து ஆங்கிலச் சொல் படிப்பது எப்படி

தமிழ்ப்பள்ளி முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பிள்ளைகளிடம் ஆங்கில அறிவியல் சொற்களை நோட்டில் ஐம்பது ஐம்பதாக எழுதி மனப்பாடம் பண்ணச் சொல்வதை நான் விட்டு ரொம்ப நாளாகிறது. வெள்ளிக்கிழமை ஒப்பித்தது திங்கட்கிழமை நினைவில் இருப்பதில்லை. இப்போது பினாங்கில் என் வீட்டு மேசையில் நடப்பது வேறு: ஒரே ஓர் உயிரை எடுத்துக்கொண்டு அதன் உடம்புக்குள் போய் வெளியே வருகிறோம். அதற்குக் கடற்பஞ்சு மாதிரி வசதியான உயிர் கிடையாது. வாய் இல்லை, வயிறு இல்லை, நரம்பு இல்லை, இதயமும் இல்லை. துளையும் தண்ணீருமே அதன் வாழ்க்கை. தண்ணீர் போகிற வழியில் நாமும் போனால் ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் இடம் கிடைத்துவிடும்.

தொடங்கும் முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுங்கள். பாத்திரம் கழுவுகிற மஞ்சள் ஸ்பாஞ்ச் ஆலையில் செய்தது, முதுகு தேய்க்கிற பீர்க்கங்காய் நார் கொடியில் காய்த்தது. கடலில் இருப்பது விலங்கு. குளிக்க விற்கும் இயற்கை ஸ்பாஞ்ச், அந்த விலங்கின் உயிர்ப்பகுதி போனபின் மிஞ்சுகிற ஸ்பான்ஜின் என்ற புரத நார்க்கூடு.

சரி, வெற்றுத்தாளில் ஒரு பூச்சாடி வரையுங்கள், அதுதான் நம் கடற்பஞ்சு. பக்கச்சுவர் முழுக்கப் புள்ளி வையுங்கள், மேலே ஒரு பெரிய வாய். அந்தப் புள்ளிதான் போர் (pore), அதாவது நுண்துளை. முகம் கழுவும் கிரீம் விளம்பரத்தில் பிள்ளைகள் ஏற்கெனவே கேட்ட சொல் இது; மலாயில் லியாங் ரோமா என்கிறோமே, அந்த ரோமாவும் நம் உரோமமும் ஒன்றுதான். போர் நிறைந்தது போரஸ். இதைக் கண்ணால் பார்க்க ஞாயிற்றுக்கிழமை காலை ஆப்பம் போதும். நடுவில் இருக்கும் துளைகளைக் காட்டி, ஒரு கரண்டி தேங்காய்ப்பால் ஊற்றி, அது மேலே தேங்காமல் மெல்ல உள்ளே இறங்குவதைப் பார்க்க வையுங்கள். ஆப்பம் போரஸாக இருக்கிறது, அதனால் பாலை அப்சார்ப் செய்கிறது. இதே வாக்கியத்தை அந்த இடத்திலேயே, வாயில் ஆப்பம் இருந்தாலும் பரவாயில்லை, முழு ஆங்கிலத்தில் சொல்ல வையுங்கள்.

கடற்பஞ்சு இனத்தின் பெயர் போரிஃபெரா. போர், அதோடு ‘சுமப்பது’ என்று பொருள்படும் ஃபெரே என்ற லத்தீன் சொல். துளை சுமப்பவை. ஃபெரேயின் சொந்தக்காரர்கள் டிரான்ஸ்ஃபர், ரெஃபர், கூம்புக்காய் சுமக்கும் மரமான கானிஃபர். இங்கே பட்டர்வொர்த் பக்கத்துப் பிள்ளை ஒருவன் கட்டாயம் கேட்பான், அப்போ நம்ம ஃபெர்ரியும் அதுதானே, ஆளைச் சுமந்துக்கிட்டுத்தானே போகுது என்று. நல்ல கேள்வி, ஆனால் இல்லை. ஃபெர்ரி வடக்கு ஐரோப்பிய மொழிகளின் வழியில் வந்த வேறு குடும்பம். ஓசையும் பொருளும் ஒத்துப்போனாலும் உறவு என்று முடிவு கட்டக்கூடாது. சொல்லின் பிறப்பைச் சொல்லும் அகராதி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி தண்ணீர் உள்ளே போகட்டும். அது கரண்ட். வீட்டில் கரண்ட் என்றால் மின்சாரம் மட்டும்தான், ஆனால் ஓடுகிற தண்ணீரும் கரண்டே, காரணம் ‘ஓடு’ என்ற லத்தீன் வினை. கையிலிருந்து கைக்கு ஓடும் பணம் கரன்சி, திரையில் ஓடும் குறி கர்சர். கடற்பஞ்சில் இந்த ஓட்டத்தை உண்டாக்குவது உள்சுவரில் இருக்கும் காலர் செல்கள். ஒவ்வொன்றிலும் சாட்டை மாதிரி ஓர் இழை ஆடுகிறது. அதன் பெயர் ஃபிளஜெல்லம், லத்தீனில் சின்னச் சாட்டை என்றே பொருள். தண்ணீரில் வரும் பாக்டீரியா போன்ற நுண்ணிரையை அந்தச் செல்கள் பிடித்துக்கொள்கின்றன, ஆகவே கடற்பஞ்சு ஒரு ஃபில்டர் ஃபீடர். லியூகோனியா என்ற வகை 10 சென்டிமீட்டர் உயரம்தான், ஒரு நாளில் சுமார் 22.5 லிட்டர் தண்ணீரை உடம்பு வழியாக ஓட்டுகிறது. தண்ணீர் மெஷின்மேல் கவிழ்த்து வைக்கிற பெரிய பாட்டிலைவிட அதிகம்!

மேலே இருக்கும் பெரிய துளை ஆஸ்குலம், ‘சின்ன வாய்’. ஓரல் டெஸ்ட்டில் வரும் ஓரலும் இதே வாய்தான். ஆனால் இந்த வாய் எதையும் தின்பதில்லை, தண்ணீர் வெளியேறுகிற வழி. 1820களில் ஸ்காட்லாந்தில் ராபர்ட் கிராண்ட் என்பவர் உயிருள்ள கடற்பஞ்சிலிருந்து நீர் இப்படிப் பீறிடுவதைப் பார்த்து விவரித்தார்; பெயருக்கும் வேலைக்கும் உள்ள இந்த முரண்தான் சொல்லை மறக்கவிடாமல் செய்கிறது.

வளர்ந்த கடற்பஞ்சு ஒரே இடத்தில் ஒட்டியிருக்கும்: செஸைல். உட்கார்ந்து நடத்துவது செஷன், நாளெல்லாம் உட்கார்ந்தே செய்யும் வேலை செடன்டரி, கோப்பி ஓ குடித்து முடித்ததும் கோப்பையின் அடியில் உட்கார்ந்திருக்கும் தூள் செடிமென்ட். உடம்பைத் தாங்கும் முள் ஸ்பிக்யூல். கடைசியில் யூல் வந்தால் பெரும்பாலும் ‘குட்டி’ என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள், மாலிக்யூலும் கேப்ஸ்யூலும் தானாக வரும்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி 1907இல் நடந்தது. ஹென்றி வான் பீட்டர்ஸ் வில்சன் என்ற அமெரிக்க விஞ்ஞானி உயிருள்ள கடற்பஞ்சை மெல்லிய பட்டுத்துணியில் வைத்துப் பிழிந்தார். செல்கள் தனித்தனியாகக் கடல்நீரில் விழுந்தன. அப்புறம் அவை ஊர்ந்து ஒன்றோடொன்று சேர்ந்து, மறுபடி கடற்பஞ்சாகவே வளர்ந்தன. பிழிவது ஸ்குவீஸ், பிரிவது செபரேட், ஒன்றுசேர்வது அக்ரிகேட். மந்தையைக் குறிக்கும் லத்தீன் சொல் அதற்குள் இருக்கிறது, தேவாலயத்தில் கூடும் காங்கிரிகேஷனிலும் மந்தையிலிருந்து ஒதுக்கும் செக்ரிகேட்டிலும் அதே மந்தை. இந்தக் கதையை அவசரப்பட்டு முடித்துவிடாதீர்கள், பிள்ளைகள் இரண்டாம் முறையும் கேட்பார்கள்.

மறுநாள் பெயர் எழுதாத இன்னொரு பூச்சாடியைக் கொடுங்கள். ஒரு துளித் தண்ணீர் தன் பயணத்தைச் சொல்வதுபோல ஐந்து வாக்கியம், ஆங்கிலத்தில், வாய்விட்டு. எழுத்துப்பிழையை அப்போது திருத்த வேண்டாம். எந்தச் சொல்லில் பேச்சு நிற்கிறதோ அந்த இடத்தில் விரலை வைத்து, முந்தின துளையிலிருந்து தண்ணீரை மறுபடி ஓடவிடுங்கள்.