கோலசிலாங்கூருக்குப் பறவை பார்க்கப் போகிறீர்களா? கடிகாரத்தை அல்ல, கடலைப் பாருங்கள்

மலேசியாவின் பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தோட்டங்களிலிருந்து கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்காவுக்குக் கிளம்புமுன், கிள்ளான் துறைமுகத்தின் அலையேற்ற அட்டவணையைக் கைப்பேசியில் பாருங்கள். நீர் முழுதாக ஏறுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே கடலோரத்தில் இருக்க வேண்டும்.

நீர் வற்றியிருக்கும்போது பவளக்காலி, உள்ளான் போன்ற கரையோரப் பறவைகள் தொலைவில், சேற்று வெளியின் விளிம்பில் மேய்கின்றன. வெறும் கண்ணுக்குப் புள்ளிகள்தான். நீர் ஏற ஏற மேயும் இடம் குறைந்து, அவை கரையை நோக்கி ஒதுங்கி வரும். சிவந்த கால்கள்கூடத் தெரியும். விலை கூடிய தொலைநோக்கி தேவையில்லை, சாதாரண பைனாகுலரே போதும். நீர் ஏறும் நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதால் போன வாரத்து நேரத்தை நம்பாதீர்கள். பறவைகள் ஒதுங்கி நிற்கும்போது தயவுசெய்து நெருங்கி விரட்டாதீர்கள். அது அவற்றின் ஓய்வு நேரம்.

மே முதல் ஜூலை வரை இது அவ்வளவாக உதவாது, வலசைப் பறவைகளில் பெரும்பாலானவை வடக்கே போயிருக்கும். சேற்றில் துள்ளும் பெலாச்சாக் மீனையும் ஒற்றைக் கொடுக்கு பெருத்த நண்டையும் பிள்ளைகளுக்குக் காட்டவேண்டுமென்றால், நீர் வற்றும் நேரமே சரி. பூங்காவுக்குப் பக்கத்திலுள்ள மலாவத்தி குன்றுக் குரங்குகளைப் பார்க்க அட்டவணையே வேண்டாம்.